அடுத்து என்ன நடக்கும்? பிள்ளைகளை ஊகித்து வாசிக்கப் பழக்குதல்

அத்தியாயம் 6

சில பிள்ளைகள் ஒரு பக்கத்தைத் திக்காமல் திணறாமல் வாசித்துவிடுவார்கள். “கதையில் என்ன நடந்தது?” என்று கேட்டால் விழிப்பார்கள். எழுத்துக் கூட்டுவதில் அவர்களுக்குக் குறையில்லை. கண் வரிமேல் ஓடியிருக்கிறது, மனம் கூடவே போகவில்லை. மனத்தைக் கதைக்குள் இழுக்க எளிய வழி ஒன்று உண்டு. கதையை நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டுமானால் அதுவரை படித்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். சொன்னது பலித்ததா என்று தெரிய மேலே படித்தாக வேண்டும்.

5 முதல் 10 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது எப்படி என்பதே இந்த அத்தியாயம். வகுப்பாசிரியர், பெற்றோர், நூலகத்தில் கதை வாசிக்கும் தன்னார்வலர் என யாரும் செய்யலாம்.

கோட்பாட்டுக்கு இரண்டு செய்திகள் போதும். அமெரிக்கக் கல்வியாளர் ரஸ்ஸல் ஸ்டாஃபர் 1960களில் வகுத்த வாசிப்பு முறையில் மூன்றே படிகள்: ஊகி, வாசி, சரிபார். 1984இல் அனிமேரி பாலின்சர், ஆன் பிரவுன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், படித்ததைப் புரிந்துகொள்ளத் தடுமாறிய மாணவர்களுக்கு ஊகித்தல், கேள்வி கேட்டல், புரியாததைத் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் ஆகிய நான்கையும் பழக்கினார்கள். அவர்களின் புரிதல் நன்றாகவே உயர்ந்தது. இங்கே நாம் செய்யப்போவது ஸ்டாஃபரின் மூன்று படிகளை ஒட்டியது.

முதலில் ஒரு தெளிவு

குருட்டாம்போக்கில் எதையாவது சொல்வது ஊகம் ஆகாது. கதையில் கிடைக்கும் தடயமும், பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த உலகமும் சேர்ந்து பிறப்பதுதான் ஊகம். “மழை வரும்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பாதிதான். “எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டுப் போகுதுன்னு கதையில இருக்கு, அதனால மழை வரும்” என்றால் முழு ஊகம். பலிக்காவிட்டாலும் அது நல்ல ஊகமே.

ஆகவே இந்தப் பயிற்சியின் உயிர்நாடி, “என்ன நடக்கும்?” என்பதை அடுத்து வரும் கேள்வி: “எதை வெச்சுச் சொல்றே?” இதைக் கேட்க மறந்தால் மீதி எல்லாம் வீண்.

தேவையானவை

• பிள்ளைகள் முன்பு கேட்டிராத ஒரு கதை
• துண்டுத் தாள்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் இதற்குக் கச்சிதம்.
• பென்சில். அழிரப்பர் வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது.
• 20 நிமிடம்

கதையைத் தேர்ந்தெடுத்தல்

1. தெரியாத கதையாக இருக்கட்டும். பாட்டி வடை சுட்ட கதையை நிறுத்தி “காக்கா என்ன செய்யும்?” என்று கேட்டால் பிள்ளை ஊகிக்காது, நினைவிலிருந்து ஒப்பிக்கும்.

2. தடயம் உள்ள கதையாக இருக்கட்டும். முடிவில் திடீரென்று தேவதை வந்து காப்பாற்றும் கதையில் ஊகிக்க ஒன்றுமில்லை. முன்பாதியில் சொன்ன சின்ன விஷயம் பின்பாதியில் பயன்படுகிறதா என்று பாருங்கள்.

3. எளிய நடையில் இருக்கட்டும். பிள்ளை தானே வாசிப்பதானால் ஒரு பக்கத்தைக் கொடுத்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரு கை விரல் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம், நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாக வந்திருப்பதால் தேர்வு எளிது. தொடக்கத்தில் பிள்ளையின் நிலைக்கு ஒரு படி கீழே உள்ள நூலை எடுங்கள்.

4. நீங்கள் முன்கூட்டியே படித்திருக்க வேண்டும். முடிவு தெரியாமல் நல்ல இடத்தில் நிறுத்த முடியாது.

குறிப்பு: படக்கதைகளில் அடுத்த பக்கத்துப் படமே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வெள்ளைத் தாளால் மூடிக்கொள்ளுங்கள். பின்னட்டையையும் முதலில் காட்ட வேண்டாம்.

எங்கே நிறுத்துவது

வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘தொடரும்’ எந்த இடத்தில் விழும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதே இடம்தான். பாத்திரம் ஒரு முடிவெடுக்கப்போகும் நேரம், கதவு தட்டப்படும் நேரம், ஒரு பொருள் காணாமல்போன நேரம். அந்தப் பக்கங்களில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்துப் பக்கக் கதைக்கு மூன்று அல்லது நான்கு நிறுத்தங்கள் போதும்.

செய்முறை: ஏழு படிகள்

1. நீங்களே செய்துகாட்டுங்கள். முதல் நாள் பிள்ளைகளிடம் எதையும் கேட்க வேண்டாம். வாசித்துக்கொண்டே வாய்விட்டு யோசியுங்கள்: “இந்தப் பையன் சாவியைச் சட்டைப் பையில போட்டான். பை கிழிஞ்சிருக்குன்னு முதல் பக்கத்துலயே சொன்னாங்களே. அப்போ சாவி விழுந்துடும்னு நினைக்கிறேன். பாப்போம்.” இப்படி இரண்டு மூன்று இடங்களில் செய்தால் பிள்ளைகளுக்கு முறை பிடிபடும்.

2. அட்டையிலிருந்து தொடங்குங்கள். தலைப்பையும் படத்தையும் காட்டி, “இது எதைப் பத்தின கதையா இருக்கும்?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம்.

3. முதல் நிறுத்தம்வரை ஏற்ற இறக்கத்தோடு வாசியுங்கள். நிறுத்தியதும் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வையுங்கள்.

4. கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேட்டுவிட்டு மனசுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலான பெரியவர்கள் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள்.

5. ஆதாரம் கேளுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் “எதை வெச்சுச் சொல்றே?” என்று ஒரே குரலில் கேளுங்கள். பலிக்கப்போகும் பதிலுக்கு உங்கள் முகம் மலர்ந்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்கத் தொடங்குவார்கள்.

6. பதிந்துகொள்ளுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை துண்டுத் தாளில் ஒரு வரி எழுதட்டும். தெரியாத பிள்ளை படம் வரையட்டும். வகுப்பறையானால் கரும்பலகையில் நீங்களே எழுதலாம்.

7. மேலே வாசித்துச் சரிபாருங்கள். அடுத்த நிறுத்தத்தில் பழைய தாளை எடுத்து, “இப்பவும் அப்படியே நினைக்கிறியா, மாத்திக்கிறியா?” என்று கேளுங்கள். மாற்றினால் பழையதை அழிக்காமல் அதன் கீழே புதியதை எழுதச் சொல்லுங்கள். தன் நினைப்பு எங்கே, எந்தத் தடயத்தால் மாறியது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். அழிரப்பர் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

கையோடு ஒரு கதை

இந்தக் கதையை இந்த அத்தியாயத்துக்காகவே எழுதினேன். நான்கு பகுதி, நான்கு நிறுத்தம். அப்படியே வாசித்துக்காட்டலாம்.

திண்ணையில் ஒரு கூடை

பகுதி 1: விடிந்ததும் மலர் கதவைத் திறந்தாள். திண்ணையில் ஒரு பனையோலைக் கூடை இருந்தது. அதன்மேல் ஈரத்துணி மூடியிருந்தது. துணிக்குள் ஏதோ அசைந்தது. “சர்ர்... சர்ர்...” என்று ஓலையைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

(நிறுத்தம் 1: கூடையில் என்ன?)

பகுதி 2: மலர் துணியை விலக்கக் கையை நீட்டினாள். “தொடாதே! விரலைப் பிடிச்சுக்கும்!” என்று உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுத்தாள். “உன் மாமா ராத்திரி டார்ச்சு லைட்டோட வயல் வரப்பெல்லாம் அலைஞ்சு கொண்டாந்தது. மசாலா அரைக்கணும், அம்மியைக் கழுவு.”

(நிறுத்தம் 2: இப்போது என்ன நினைக்கிறாய்? மாற்றிக்கொள்கிறாயா?)

பகுதி 3: பாட்டி உள்ளே போனதும் மலர் ஒரு குச்சியால் துணியைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே நண்டுகள்! ஒரு பெரிய நண்டு மூலையில் ஒதுங்கியிருந்தது. அதன் வயிற்றுக்கு அடியில் கடுகுபோல் குட்டிக் குட்டி நண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மலர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள். வாசலுக்கு எதிரே வாய்க்கால் ஓடியது.

(நிறுத்தம் 3: மலர் என்ன செய்வாள்?)

பகுதி 4: மத்தியானம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். “பன்னெண்டு நண்டு பிடிச்சேனே, பதினொண்ணுதானே இருக்கு?” என்றார். பாட்டி மலரின் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது. “இருட்டுல எண்ணினா அப்படித்தான்டா தப்பும்” என்று சொல்லிவிட்டு, பாட்டி மாமாவுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

(நிறுத்தம் 4: பன்னிரண்டாவது நண்டு எங்கே? பாட்டிக்குத் தெரியுமா?)

முதல் நிறுத்தத்தில் பேச்சு இப்படி வரலாம்.

“நாய்க்குட்டி, சார்.”
“எதை வெச்சுச் சொல்றே?”
“அசையுதே.”
“சரி, அசையறது ஒரு தடயம். வேற என்ன தடயம் இருக்கு?”
“துணி ஈரமா இருக்கு.”
“நாய்க்குட்டிமேல ஈரத்துணியைப் போடுவாங்களா?”
“போட மாட்டாங்க... மீனா இருக்கும் சார்.”
“மீன் சுரண்டுமா?” என்று இன்னொரு பிள்ளை கேட்கும்.

இந்தக் கடைசிக் கேள்வி ஒரு பிள்ளையிடமிருந்து வந்துவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது. வயலோரத்துப் பிள்ளைகள் பலர் இந்த இடத்திலேயே நண்டு என்று சொல்லிவிடுவார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு அம்மியும் வரப்பும் வரும்வரை தெரியாமல் போகலாம். இரண்டும் சரியே. எதை வைத்துச் சொன்னார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

நான்காவது நிறுத்தத்துக்குப் பின் கதை கிடையாது. விடையைக் கதை நேராகச் சொல்லவில்லை. சேறு, வாய்க்கால், பாட்டியின் பதில் ஆகிய மூன்றையும் பிள்ளைகளே கோத்துப் பார்க்க வேண்டும். நீங்கள் போட்டு உடைத்துவிடாதீர்கள்.

வயதுக்கு ஏற்ப மாற்றங்கள்

5–6 வயது: முழுக்க வாய்மொழியும் படமும். ஒரு கதைக்கு இரண்டு நிறுத்தம் போதும். இதற்கு முன்னோட்டமாக விடுகதை போடுங்கள். தடயங்களைச் சேர்த்து விடைக்குப் போகும் அதே வேலைதான் அதிலும் நடக்கிறது. “எதை வெச்சுச் சொல்றே?” என்பதற்குப் படத்தில் விரல் வைத்துக் காட்டினாலே போதும்.

7–8 வயது: துண்டுத் தாள் முறையைத் தொடங்கலாம். குணத்தை வைத்து ஊகிக்கப் பழக்குங்கள். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை இதற்கு நல்ல களம். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப்பார்க்கும் சீடர்கள், அக்கரை சேர்ந்ததும் ஆளை எண்ணத் தொடங்குகிறார்கள். அங்கே நிறுத்தி, “இவங்க எப்படி எண்ணுவாங்க?” என்று கேளுங்கள். இவர்கள் எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டார்கள் என்பதே தடயம். கதை முன்பே தெரிந்த பிள்ளை இருந்தால், சொல்லிவிடாமல் காக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள்.

9–10 வயது: தீர்ப்பை ஊகிக்கச் சொல்லலாம். மரியாதை ராமன் கதைகளில் வாதி, பிரதிவாதி இருவர் பேச்சும் முடிந்து, ராமன் வாய்திறக்கும் முன் நிறுத்துங்கள். யார் பொய் சொல்கிறார்கள், அதை ராமன் எப்படி வெளியே கொண்டுவருவான் என்று இரண்டிரண்டு பேராகப் பேசட்டும். விக்கிரமாதித்தன், வேதாளக் கதைகள் ஒவ்வொன்றும் கேள்வியில்தான் முடிகின்றன. மன்னன் பதில் சொல்லும் முன் பிள்ளைகள் சொல்லட்டும். பெரியவர்களுக்கான பதிப்பில் பிணமும் சுடுகாடும் விரிவாக வரும் என்பதால், சிறுவர் பதிப்பை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வழக்கமாக நேரும் தவறுகள்

1. பக்கத்துக்குப் பக்கம் நிறுத்துவது. கதையின் ஓட்டம் செத்துவிடும். “மேல படிங்க, டீச்சர்!” என்று பிள்ளைகள் நச்சரித்தால் நிறுத்தம் கூடிவிட்டது என்று பொருள்.

2. ஆம், இல்லை என்று முடியும் கேள்வி. “முயல் தப்பிக்குமா?” என்றால் ஒரு சொல்லோடு முடிந்தது. “முயல் என்ன செய்யும்?” என்று கேளுங்கள்.

3. முதல் சரியான பதிலுக்கே “கரெக்ட்!” என்பது. அத்தோடு மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். “இது ஒரு ஊகம். வேற யாராவது?” என்பதே போதும்.

4. கேட்டுவிட்டுச் சரிபார்க்காமல் போவது. இது பரவலான தவறு. சொன்னது என்னவானது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், அடுத்த முறை பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

5. மதிப்பெண் போடுவது. துண்டுத் தாளில் சரி, தவறு குறிக்காதீர்கள். எழுத்துப்பிழையைத் திருத்தவும் இது நேரமல்ல.

6. வாயாடிப் பிள்ளைக்கே வாய்ப்பு. கையைத் தூக்கிக் குதிக்கும் நான்கு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள். முதலில் எல்லோரும் எழுதட்டும் அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லட்டும், பிறகு பொதுவில் பேசலாம்.

7. கதை எழுதியவரைத் தோற்கடிக்கும் போட்டியாக்குவது. “நான் முன்னாடியே சொன்னேன்ல!” என்ற துள்ளல் நல்லதுதான். ஆனால் எதிர்பாராத முடிவு வந்து ஏமாந்த பிள்ளையையும் பாராட்டுங்கள். “உன்னை நல்லா ஏமாத்திட்டாங்களே, எந்த இடத்துல ஏமாத்தினாங்க?” என்று கேட்டால் அது முன்பக்கங்களைத் திரும்பப் புரட்டும்.

எச்சரிக்கை: பிள்ளை மனம் நோகாமல்

• எந்த ஊகத்துக்கும் சிரிக்கக் கூடாது, சிரிக்கவும் விடக் கூடாது. ஒருமுறை கேலிக்கு ஆளான பிள்ளை வருடம் முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிடும். முதல் நாளே இதை விதியாகச் சொல்லிவிடுங்கள்.

• சாவு, நோய், பிரிவு வரும் கதையானால் கேட்கும் பிள்ளைகளின் வீட்டுச் சூழலை நினைவில் வையுங்கள். தாயை இழந்த பிள்ளை இருக்கும் வகுப்பில், “அம்மாவுக்கு என்ன ஆகும்?” என்று நிறுத்தாதீர்கள். அந்த இடத்தை நிற்காமல் வாசித்துக் கடந்துவிடலாம்.

• இரவில் தூங்கும் முன் வாசிக்கும்போது, பயமான இடத்தில் நிறுத்திவிட்டு “மீதி நாளைக்கு” என்று விளக்கை அணைக்காதீர்கள். அந்தக் கண்டத்தைத் தாண்டிய பிறகு நிறுத்துங்கள்.

• “அவன் கறுப்பா இருக்கான், அவன்தான் திருடன்”, “அவங்க குடிசையில இருக்காங்க, அதான் எடுத்திருப்பாங்க” என்று ஊகங்கள் வரும். அதட்டி அடக்க வேண்டாம், கண்டுகொள்ளாமலும் விட வேண்டாம். “எதை வெச்சுச் சொல்றே? கதையில எந்த வரி அப்படிச் சொல்லுது?” என்று கேளுங்கள். வரி கிடைக்காது. ஆதாரமில்லாமல் ஒருவர்மேல் பழி போடக் கூடாது என்பதை அந்த இடத்திலேயே பிள்ளைக்கு உணர்த்தலாம்.

• சில சமயம் ஊகத்தின் வழியாக வீட்டு விஷயம் வெளியே வரும். “அப்பா குடிச்சிட்டு வந்து அவனை அடிப்பார்” என்று கதையில் இல்லாததை ஒரு பிள்ளை சொன்னால், எல்லோர் முன்பும் துருவாதீர்கள். பிறகு தனியாக, பதறாமல் பேசுங்கள். அடி, துன்புறுத்தல் என்ற ஐயம் வலுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம்.

• பேசவே கூச்சப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வரையட்டும், உங்கள் காதில் சொல்லட்டும், அல்லது நீங்கள் சொல்லும் இரண்டு ஊகங்களில் ஒன்றைக் கைகாட்டட்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பது

பரீட்சை வைக்க வேண்டாம். கீழ்க்கண்டவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றனவா என்று கவனியுங்கள்.

1. நீங்கள் கேட்கும் முன்பே “இருங்க, நான் சொல்றேன்” என்று பிள்ளை நிறுத்துகிறது.
2. “ஏன்னா” என்ற சொல் பதிலில் தானாக வருகிறது.
3. ஆதாரம் தேடி முன்பக்கத்தைப் புரட்டுகிறது.
4. “நான் மாத்திக்கிறேன்” என்று கூச்சமில்லாமல் சொல்கிறது.
5. மற்றொரு பிள்ளையிடம் “எதை வெச்சுச் சொல்றே?” என்று கேட்கிறது.

ஐந்தாவது வந்துவிட்டால் நிறுத்தங்களை நீங்கள் குறிக்க வேண்டியதில்லை. புத்தகத்தையும் பென்சிலையும் பிள்ளையிடமே கொடுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தக் கதையைத் தம்பிக்கோ தங்கைக்கோ வாசித்துக்காட்டட்டும்.

வாரத்துக்கு இரண்டு கதை போதும். தினமும் செய்தால் சலித்துப்போகும். மற்ற நாட்களில் எங்கும் நிறுத்தாமல், எதுவும் கேட்காமல் ஒரு முழுக் கதையை வாசித்துக்காட்டுங்கள். அதுவும் பிள்ளைகளுக்கு வேண்டும். முதல் நாளுக்குக் கூடைக் கதை கையில் இருக்கிறது, இன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.